ஃப்ரீயா போட்டுத் தந்த விண்டோஸும் என் எட்டு வருஷ டிசைனும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டு கம்ப்யூட்டர வைரஸ்ல இருந்து காப்பாத்துறது எப்படின்னு அரைப்பக்கம் வந்திருந்துச்சு. நல்ல ஆன்டிவைரஸ் போடுங்க, தெரியாத லிங்க்க தொடாதீங்க, பாஸ்வேர்ட ஸ்ட்ராங்கா வைங்கன்னு. எல்லாம் சரிதான், யாரு இல்லைன்னா. ஆனா கம்ப்யூட்டர் கடையில இருந்து வீட்டுக்கு வர்ற அன்னிக்கே என்ன நடக்குதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. அத விட்டுட்டு மத்தத எல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்னு ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், வேணுங்கிற இடத்துல வெட்டிக்கோங்க, கடைக்காரர் பத்தி வர்ற இடத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் திண்டுக்கல் பக்கம். வீட்டுலயே ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் பண்ணித் தர்றேன். 2019ல பையன் பத்தாவது போறப்ப ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்குனோம், மானிட்டரோட சேத்து 23 ஆயிரம். பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டுதான். கடைக்காரர் ரொம்ப நல்லா பேசுவாரு, "அக்கா, விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் நம்மளே ஃப்ரீயா போட்டுக் குடுத்துருவோம், நீங்க போய் ஆன் பண்ணா போதும்"னாரு. எங்களுக்கு என்ன தெரியும், குக்கர் வாங்குனா இட்லித் தட்டு ஃப்ரீ மாதிரின்னு நினைச்சு சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டோம்.

அதுல என் டிசைன் எல்லாம் ஏத்தி வெச்சேன். 2014ல இருந்து நான் போட்ட ஒவ்வொரு கழுத்து டிசைன், கை டிசைன், ட்ரேசிங் பேப்பர்ல வரைஞ்சத ஸ்கேன் எடுத்தது, முடிச்ச ப்ளவுஸோட போட்டோ, எந்தக் கஸ்டமருக்கு என்ன அளவுன்னு ஒரு எக்செல் ஷீட்டு. அதோட எங்க அப்பாவோட போட்டோ எல்லாம். அப்பா 2020ல தவறிட்டாரு.

2022 ஆடி கடைசி. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. எனக்கு டிசைன கையில வரைஞ்சு, பேப்பர்ல ஊசியால ஓட்டை குத்தி, மண்ணெண்ணெய்ல பவுடர கலந்து தேய்ச்சு துணியில இறக்குறதுக்குள்ள முதுகு போயிரும். இத பாத்துட்டு பையன், அப்ப காலேஜ் முதல் வருஷம், "அம்மா, கோரல் டிரான்னு டிசைன் வரையுற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டா அளவு மாத்தி மாத்தி பிரிண்ட் எடுத்துக்கலாம், நான் இறக்கித் தரேன்"னான். எனக்கு உதவி பண்ணத்தான் உக்காந்தான், அவனத் திட்ட எனக்கு இன்னிக்கும் மனசு வரல.

யூடியூப்ல ஒரு வீடியோ. ஃபுல் வெர்ஷன், லைஃப்டைம், ஃப்ரீன்னு தலைப்பு, கீழ லிங்க். இறக்குனா ஒரு ஜிப் ஃபைலு, திறக்க பாஸ்வேர்டு 1234ன்னு கீழயே எழுதியிருந்தான். ஊருக்கே தெரியுற மாதிரி எழுதி வெக்கிற பாஸ்வேர்டு எதுக்குன்னு அன்னிக்கு எங்களுக்கு உறைக்கல. பூட்டுன ஜிப்புக்குள்ள ஆன்டிவைரஸ் எட்டிப் பாக்க முடியாதாம், அதுக்குத்தானாம். அப்புறம் அந்த வீடியோக்காரன், விண்டோஸோடவே சும்மா வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டுத்தான் இன்ஸ்டால் பண்ணனும், இல்லைன்னா வேலை செய்யாதுன்னான். பையன் செட்டிங்ஸ்ல போய்ப் பாத்துட்டு "அம்மா, நம்ம கம்ப்யூட்டர்ல அது ஏற்கனவே ஆஃப்லதான் இருக்கு"ன்னு சந்தோஷமா சொன்னான். மூணு வருஷமா அது ஆஃப்ல இருந்திருக்கு சார்.

செட்டப்ப ஓட்டுனான், ஒண்ணும் வரல. திரும்ப ரெண்டு தடவ க்ளிக் பண்ணான், அப்பவும் ஒண்ணும் வரல. கொஞ்ச நேரத்துல விண்டோஸ் அப்டேட் ஆகுதுன்னு ஒரு சின்ன பெட்டி வந்து நின்னுச்சு, ஃபேன் சத்தம் மிக்சி மாதிரி. அப்டேட் தானேன்னு விட்டுட்டு நாங்க தோசை சாப்பிடப் போயிட்டோம். அந்தப் பெட்டியே டூப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, நாம அப்டேட்டுன்னு நினைச்சு காத்துட்டு இருக்கிற நேரத்துல அது ஒவ்வொரு ஃபைலா பூட்டிக்கிட்டு இருக்குமாம்.

காலையில ஒரு பொண்ணு பழைய மயில் டிசைன் கேட்டான்னு ஃபோல்டர திறக்குறேன், ஒரு படமும் இல்ல. எல்லாம் வெள்ளை வெள்ளையா ஐகான். பேரு எல்லாம் அப்படியே இருக்கு, மயில்_கழுத்து_07 டாட் ஜேபிஜி, அதுக்குப் பின்னாடி புதுசா ஒரு புள்ளி வெச்சு அர்த்தமே இல்லாத நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரீட்மீன்னு ஒரு நோட்பேட் ஃபைலு. பையன் படிச்சான். கவலப்படாதீங்க, உங்க ஃபைல் எல்லாம் திரும்பக் கிடைக்கும்னு ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சு, 980 டாலர், 72 மணி நேரத்துக்குள்ள தொடர்பு கொண்டா பாதி விலை 490 டாலர்னு போட்டிருந்துச்சு. அன்னிக்கு டாலர் ரேட்டுக்கு பாதி விலையே கிட்டத்தட்ட 39 ஆயிரம். ஆடித் தள்ளுபடி! கம்ப்யூட்டரே 23 ஆயிரம்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "அக்கா, வைரஸ்தான், கொண்டு வாங்க, ஃபார்மட் போட்டுரலாம், 500 ரூவா"ன்னாரு. எங்க ஊர்ல கம்ப்யூட்டருக்கு தலைவலி வந்தாலும் கால்வலி வந்தாலும் ஒரே மருந்து ஃபார்மட்டுதான், அதாவது உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடுறது. நல்ல வேளை, எங்க அண்ணன் மக கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கா, அவகிட்ட சொன்னப்ப போன்லயே கத்துனா, "அத்தை, தொடாதீங்க, நெட்டுக் கேபிள பிடுங்குங்க, பென்டிரைவ் எதையும் சொருகாதீங்க, ஃபார்மட் மட்டும் போட்ராதீங்க, சனிக்கிழமை நான் வரேன்".

சனிக்கிழமை வந்து உக்காந்தவ முதல்ல எங்க கம்ப்யூட்டர்ல எதையும் பண்ணல. அவ லேப்டாப்புல நோ மோர் ரான்சம்னு ஒரு சைட்ட திறந்தா. நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பாவோட போலீஸ் அமைப்பு யூரோபோலும் ரெண்டு ஆன்டிவைரஸ் கம்பெனியும் சேந்து 2016ல ஆரம்பிச்சதாம், பூட்டுப்பட்ட ஃபைலு ஒண்ணையும் அந்த மிரட்டல் நோட்டையும் ஏத்துனா எந்த வகை பூட்டு, சாவி இருக்கா இல்லையான்னு ஃப்ரீயா சொல்லும். எங்களுக்கு வந்தது ஸ்டாப் டிஜேவியூங்கிற வகை. கம்பெனிகள விட்டுட்டு எங்கள மாதிரி வீட்டு ஆளுங்களத்தான் அதிகம் பிடிக்குமாம், வர்ற வழியே திருட்டு சாஃப்ட்வேர்தானாம். அதுக்கு எம்சிசாஃப்ட்னு ஒரு கம்பெனி 2019 அக்டோபர்ல ஃப்ரீயா ஒரு டூல் விட்டிருக்கு. அத ஓட்டுனா, ஆன்லைன் கீ, திறக்க முடியாதுன்னு வந்துருச்சு.

அது என்னன்னா, அந்த வைரஸ் ஓட ஆரம்பிச்ச உடனே திருடனோட சர்வருக்கு பேசி நம்ம வீட்டுக்குன்னே தனியா ஒரு சாவி வாங்குமாம், அந்தச் சாவி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கும். சர்வர் கிடைக்கலைன்னா அதுக்குள்ளயே வெச்சிருக்கிற ஒரு பொதுச்சாவியால பூட்டும், அது பல பேருக்கு ஒரே சாவிங்கிறதால என்னிக்காவது ஒரு நாள் கிடைக்க வாய்ப்பு இருக்கு. அதாவது அன்னிக்கு எங்க ஏரியாவுல நெட்டு கட்டாகி இருந்திருந்தா ஒருவேளை என் டிசைன் தப்பிச்சிருக்கும். தினம் நாலு தடவ கட்டாகுற நெட்டு அன்னிக்குப் பாத்து நல்லா வேலை செஞ்சுச்சு, என்னத்த சொல்ல.

ஒண்ணே ஒண்ணு தேறுச்சு. அந்த வைரஸுக்கு அவசரம், ஃபைல முழுசா பூட்டாது, முதல் 150 கேபி அளவுக்கு மட்டும் பூட்டிட்டு அடுத்ததுக்கு ஓடிரும். போட்டோவுக்கு அதுவே போதும், எங்களுக்கு ஒண்ணும் தேறல. ஆனா வீடியோ நூத்துக்கணக்கான எம்பி இருக்குமில்ல, அதுல தலைதான் போகும், உடம்பு இருக்கும். அதே கேமராவுல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணு மாதிரிக்கு இருந்தா தலைய ஒட்ட வெக்க ஒரு டூல் இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சா. என் தங்கச்சி வளைகாப்புக்கு வீடியோ எடுத்தவர்கிட்ட அதே கேமராவுல எடுத்த எங்க பெரியம்மா வீட்டு விசேஷ வீடியோ ஒண்ணு இருந்துச்சு, அத வாங்கிட்டு வந்து ஒட்ட வெச்சப்ப ராத்திரி பதினோரு மணிக்கு வளைகாப்பு வீடியோ ஓடுச்சு. பந்தியில எங்க அப்பா, "ஏப்பா, இந்த இலைக்கு ரசம் ஊத்து"ன்னு யாரையோ கூப்பிடுறாரு. அவ்வளவுதான், ரெண்டு செகண்டு. கடைக்காரர் சொன்னபடி ஃபார்மட் போட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.

இப்ப கடைக்காரர் விஷயத்துக்கு வர்றேன். அண்ணன் மக எல்லாம் பாத்துட்டு "இங்க வாங்க அத்தை"ன்னு ஸ்கிரீன காட்டுனா. அந்த டிஃபெண்டர அமுக்கி வெச்சிருக்கு. அது போதாதுன்னு எக்ஸ்க்ளூஷன்னு ஒரு லிஸ்ட்டு, அதாவது இங்கெல்லாம் நீ சோதிக்காதன்னு சொல்லி வெக்கிற லிஸ்ட்டு, அதுல முழு சி டிரைவும் இருந்துச்சு. வாட்ச்மேன வேலைக்கு வெச்சுட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பாக்காதன்னு சொன்ன கதை. விண்டோஸ் அப்டேட்டும் நிப்பாட்டி இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டா, திருட்டு விண்டோஸ ஒரிஜினல் மாதிரி காட்ட ஆக்டிவேட்டர்னு ஒண்ணு ஓட்டுறாங்க, டிஃபெண்டர் முழிச்சிட்டு இருந்தா அத வைரஸ்னு பிடிச்சு அழிச்சிரும், அப்டேட் வந்தா ஆக்டிவேஷன் போயிரும், கஸ்டமர் திரும்ப வந்து நிப்பாரு, அதனால ரெண்டையும் ஆஃப் பண்ணிக் குடுத்துடறது. நான் நேர்ல போய் கேட்டப்ப அவரு கொஞ்சம் கூட கூச்சப்படல, "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் அக்கா போடுவாங்க, ஒரிஜினல் போட்டா நீங்க ஆயிரக்கணக்குல குடுப்பீங்களா"ன்னாரு. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா 2019ல என்கிட்ட கேட்டிருக்கணும்ல? பூட்ட கழட்டி வெச்சுட்டுத்தான் வீட்ட குடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல?

அப்டேட் நிப்பாட்டுறது எவ்வளவு பெரிய விஷயம்னு அவ ஒரு கதை சொன்னா. 2017 மே 12 அன்னிக்கு வான்னாக்ரைன்னு இதே மாதிரி ஃபைல பூட்டுற வைரஸ் ஒண்ணு கெளம்பி 150 நாட்டுல ரெண்டு லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர பூட்டுச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகளே ஆடிப்போச்சு. அது யாரும் எதையும் க்ளிக் பண்ணி வந்ததில்ல, விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டை வழியா நெட்வொர்க்ல தானா தாவித் தாவிப் போச்சு. அந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே விட்டாச்சு, அதாவது ரெண்டு மாசம் முன்னாடி. போட்டவங்க தப்பிச்சாங்க. நம்ம ஊரு "அப்டேட் வந்தா ஸ்லோ ஆயிரும் சார், நான் ஆஃப் பண்ணித் தரேன்" பேச்சு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. இப்ப விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட சாதாரண அப்டேட் நின்னுருச்சு, வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பதிஞ்சு வாங்கிக்க ஒரு வழி வெச்சாங்க. எங்க தெருவுல இத தெரிஞ்சவங்க எத்தன பேருன்னு கேட்டுப் பாத்தேன், ஒருத்தர் கூட இல்ல. உங்க பேப்பர்லயாவது பெரிய எழுத்துல போடுங்க.

பூட்டுனது ஒரு அடின்னா பத்து நாள் கழிச்சு இன்னொரு அடி. பையனோட இன்ஸ்டாகிராம்ல அவன் பேர்ல கிரிப்டோ விளம்பரம் ஓடுது, எங்க மச்சான் வரைக்கும் "மாப்ள பணக்காரன் ஆயிட்டானா"ன்னு போன் பண்றாரு. அந்த வைரஸ் தனியா வராதாம், கூடவே பாஸ்வேர்டு திருடுற ஒண்ணையும் கூட்டிட்டு வருமாம், பிரவுசர்ல சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்டு, நாம லாகின் பண்ணியிருக்கோம்னு பிரவுசர் ஞாபகம் வெச்சிருக்கிற குக்கி எல்லாத்தையும் முதல்லயே அள்ளிட்டுப் போயிருக்கு. வேற நல்ல கம்ப்யூட்டர்ல இருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்தி, எல்லா இடத்துலயும் சைன் அவுட் குடுத்து, ரெண்டாவது பூட்டா ஓடிபி வர்ற மாதிரி வெச்சோம். பேங்க் பாஸ்வேர்டு சேவ் பண்ற பழக்கம் எங்க வீட்டுக்காரருக்கு இல்ல, அவருக்கு பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது, டைரியில எழுதி வெச்சிருப்பாரு, அதனால பணம் தப்பிச்சுது. பணம் போயிருந்தா நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் மோசடிக்குன்னு இருக்கிற 1930 நம்பருக்கு அடிக்கணும்னு அப்ப தெரிஞ்சுக்கிட்டோம்.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இதுதான். விண்டோஸ் ஒரிஜினல் வாங்கிட்டோம், ஒரு மாச ப்ளவுஸ் காசு போச்சு. டிஃபெண்டர் ஆன், அப்டேட் ஆன், காசு குடுத்து வேற ஆன்டிவைரஸ் வாங்கல, ஒழுங்கா ஆன்ல இருந்தா வீட்டுக்கு அதுவே போதும்னு அண்ணன் மக சொல்லிட்டா. நாங்க தினம் உபயோகிக்கிற லாகின்ல எதையும் புதுசா இன்ஸ்டால் பண்ண முடியாது, அட்மின் பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான். பையனுக்கு இதுல இன்னும் கோவம் இருக்கு, இருக்கட்டும். கோரல் டிராவுக்கு பதிலா இங்க்ஸ்கேப்னு ஒண்ணு, நிஜமாவே ஃப்ரீ, என் ட்ரேசிங்குக்கு அது தாராளம். எக்செல்லுக்கு லிப்ரே ஆபீஸ். இதெல்லாம் சட்டப்படி சும்மா கிடைக்கிறப்ப எதுக்கு சார் ஊரே திருட்டு சாஃப்ட்வேர் பின்னாடி அலையுது, எங்க ஊரு ஃப்ளக்ஸ் கடையில 2002ல வந்த போட்டோஷாப் 7 இன்னும் ஓடுது. அரசாங்கம் பிள்ளைங்களுக்குக் குடுத்த லேப்டாப்புல பாஸ் லினக்ஸ்னு விண்டோஸ் மாதிரியே ஒண்ணு, சும்மா கிடைக்கிறது, போட்டுக் குடுத்தாங்க, முதல் வேலையா அத அழிச்சுட்டு திருட்டு விண்டோஸ் போட 200 ரூவா வாங்குன கடைங்க எத்தன!

இன்னொண்ணு, ஃபைல் பேரோட கடைசி எழுத்து தெரியுற மாதிரி வெச்சிருக்கோம். விண்டோஸ் அத மறைச்சு வெச்சிரும், இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்னு தெரியும், உண்மையில அதுக்குப் பின்னாடி டாட் இஎக்ஸ்இ இருக்கும், அதாவது க்ளிக் பண்ணா ஓடுற ப்ரோக்ராம். இந்த வித்தை புதுசு கூட இல்ல, 2000 மே மாசம் பிலிப்பைன்ஸ்ல இருந்து ஐ லவ் யூன்னு உலகம் பூரா மெயில்ல சுத்துன வைரஸே லவ் லெட்டர் டாட் டிஎக்ஸ்டின்னு நம்மள நம்ப வெச்சுத்தான் உள்ள வந்துச்சு, நெசமான கடைசி எழுத்து விபிஎஸ், அதுவும் க்ளிக் பண்ணா ஓடுற ரகம்தான். ஃபோல்டர் ஆப்ஷன்ல ஒரு டிக் எடுத்தா போதும்.

முக்கியமா பேக்கப். நாலாயிரத்து சொச்சத்துக்கு வெளிய வெக்கிற ஹார்டுடிஸ்க் ஒண்ணு வாங்குனோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விளக்கு வெச்சுட்டு அத சொருகி காப்பி எடுத்து, உடனே கழட்டி பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வெச்சிருவேன். கழட்டணும், அதுதான் விஷயம், சொருகியே வெச்சிருந்தா வைரஸ் அதையும் சேத்துத்தான் பூட்டும். மாசத்துக்கு ஒரு தடவ நாலு படத்த திறந்து பாத்துக்குவேன், சும்மா காப்பி ஆயிருச்சுன்னு நம்புறது இல்ல.

இவ்வளவு பண்ணியும் போன மாசம் ஒரு கூத்து. எங்க வீட்டுக்காரர் ஏதோ பழைய படம் ஃப்ரீயா பாக்க ஒரு சைட்டுக்குப் போயிருக்காரு. நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்கன்னு பெட்டி. வழக்கமா பஸ்ஸு, சிக்னல் படத்த தொடச் சொல்லும்ல, இது வேற மாதிரி: விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேத்து அழுத்துங்க, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர். இவரு ஹால்ல இருந்து "ஏய், விண்டோஸ் கீ எங்க இருக்கு"ன்னு கத்துறாரு. பையன் குளிச்சுட்டு இருந்தவன் துண்டோட ஓடி வந்து மானிட்டர ஆஃப் பண்ணான். அந்தப் பக்கத்த தொட்ட உடனேயே நமக்குத் தெரியாம ஒரு கட்டளைய காப்பி பண்ணி வெச்சிருக்குமாம், விண்டோஸ் ஆர் அழுத்துனா கம்ப்யூட்டருக்குக் கட்டளை குடுக்கிற ரன் பெட்டி திறக்கும், கன்ட்ரோல் வி அந்தக் கட்டளைய ஒட்டும், என்டர் தட்டுனா நம்ம கையாலயே நம்ம வீட்டுக்குள்ள திருடன கூப்பிட்டு உக்கார வெச்ச கதை, ஆன்டிவைரஸும் சில சமயம் விட்ரும் ஏன்னா தட்டுனது நாம. அட்மின் இல்லாத லாகின்ல கூட பாஸ்வேர்டு போயிருமாம். எந்த நல்ல சைட்டும் ரோபோ டெஸ்ட்டுக்கு கீபோர்டுல இத அழுத்து அத அழுத்துன்னு சொல்லாது. அன்னிக்கு எங்க வீட்ட காப்பாத்துனது டிஃபெண்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, அவருக்கு விண்டோஸ் கீ எதுன்னு தெரியாததுதான்.

ஐயா, நான் கேக்குறது ரெண்டே விஷயம். அடுத்த தடவ கம்ப்யூட்டர் பக்கம் போடுறப்ப, புதுசா வாங்குனவங்க வீட்டுக்கு வந்த உடனே விண்டோஸ் செக்யூரிட்டிய திறந்து டிஃபெண்டர் ஆன்ல இருக்கா, எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்டுல என்ன இருக்கு, அப்டேட் ஓடுதா, இந்த மூணையும் பாக்குறது எப்படின்னு ஸ்கிரீன் படத்தோட போடுங்க, எழுத்து மட்டும் போட்டா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வெளங்காது. ரெண்டாவது, கம்ப்யூட்டர் கடைக்காரங்க சங்கத்துல யாரையாவது உக்கார வெச்சு ஒரு பேட்டி எடுங்க, பில்லுல விண்டோஸ் ஒரிஜினலா, லினக்ஸா, ஒண்ணும் இல்லாத வெறும் மெஷினான்னு எழுதிக் குடுக்க என்ன தடைன்னு கேளுங்க. ஒரிஜினல் வாங்க வசதி இல்லைன்னா லினக்ஸ் போட்டுத் தரேன்னு சொல்லட்டும், அதுக்கு கூலி கேட்டா குடுக்குறோம்.

என் பேரு வேண்டாம் சார், ஒரு வாசகி, திண்டுக்கல்னு போட்டா போதும். கடைக்காரர் வீட்டம்மாவோட ரெண்டு ப்ளவுஸ் இப்ப என் ஆரி ஸ்டாண்டுலதான் இருக்கு, அவங்க வீட்டுக் கல்யாணம் முடியட்டும்.